மூன்றே வாட்ச்: கனவுத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

பேட்டரி இல்லாமல் சுருள்வில்லால் ஓடும் மெக்கானிக்கல் வாட்ச் பத்து வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒன்றையோ இரண்டையோ சர்வீஸுக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இட்ட எண்ணெய் ஐந்திலிருந்து பத்து ஆண்டுக்குள் கெட்டுப்போகும். அந்தச் செலவைத் தாங்கினாலும் பத்தில் ஏழு பெட்டிக்குள் நின்றபடியே கிடக்கும். மூன்று என்றால் ஒவ்வொன்றும் வாரத்துக்கு ஒரு நாளாவது கையில் ஏறும், மூன்றையும் நல்ல நிலையில் வைத்திருக்கவும் முடியும்.

அதனால் இந்த வழிகாட்டி மூன்று வாட்சுக்கு எழுதியது. தினமும் கட்ட ஒன்று. சாவி கொடுத்து, பொத்தான் அழுத்தி நேரம் அளக்கும் கிரோனோகிராஃப் ஒன்று. பட்டு வேட்டியோ கோட்டோ உடுத்தும் நாளுக்கு மெல்லியதாக ஒன்று. எடுத்துக்காட்டுக்கு ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரர், ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், ஜெஷேர் லெகூல்த் ரிவர்ஸோ என்ற மூன்றை வைத்துப் பேசுகிறோம். ஒவ்வொன்றுக்கும் மாற்றும் உண்டு. மூன்றையும் புதிதாக வாங்கினால் இன்றைய இந்திய விலையில் இருபது லட்ச ரூபாயைத் தாண்டும். அவ்வளவு பணத்தை இறக்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றில் முதல் இரண்டுக்குக் காசே ஆகாது.

படி 1: கையை அளந்துகொள்ளுங்கள்

தையல் டேப்பை எடுத்து, மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, வாட்ச் உட்காரும் இடத்தில் சுற்றளவைப் பாருங்கள். மாலையில் அளப்பது நல்லது. வெயிலிலும் நடையிலும் கை லேசாக வீங்கும்; காலை அளவுக்குச் செயினை வெட்டிவிட்டு மதியம் கை வலிக்கிறது என்று கடைக்குத் திரும்புவோர் நிறையப் பேர். பிறகு கையை மேசைமேல் கவிழ்த்து வைத்து, மேல்பகுதியின் தட்டையான அகலத்தை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சுற்றளவைவிட முக்கியமானது இந்த இரண்டாவது அளவுதான்.

விளம்பரத்தில் 36, 39, 42 மி.மீ. என்று சொல்வது டயலைச் சுற்றிய உடலின் விட்டம். கையில் வாட்ச் பொருந்துமா என்பதை அது முடிவு செய்வதில்லை. ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் காதுகள் மேலும் கீழும் நீண்டிருக்கின்றன அல்லவா, மேல் காதின் முனையிலிருந்து கீழ்க் காதின் முனை வரை உள்ள நீளம்தான் முடிவு செய்கிறது. இந்த நீளம் உங்கள் கையின் தட்டையான அகலத்தைவிடக் குறைந்தது 3 அல்லது 4 மி.மீ. குறைவாக இருக்கட்டும். அதைத் தாண்டினால் காது முனைகள் கைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், சட்டைக் கையில் மாட்டும், வாட்ச் பக்கவாட்டில் சரியும். நம் ஊர் ஆண்கள் பலருக்குச் சுற்றளவு 16 முதல் 17.5 செ.மீ.க்குள் வரும். அந்தக் கைகளில் 48 மி.மீ. நீளம் வரை பெரும்பாலும் சிக்கலில்லை. 50-ஐத் தாண்டினால் கட்டிப் பார்க்காமல் வாங்கவே வேண்டாம்.

கடை தூரமா? அட்டையில் வாட்சின் விட்டத்துக்கு ஒரு வட்டம் வரைந்து, மேலும் கீழும் காதுகளை அளவு பார்த்துச் சேர்த்து வெட்டிக் கையில் டேப்பால் ஒட்டுங்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்று கண்ணாடியில் பாருங்கள். கையருகே செல்போன் கேமராவைக் கொண்டுபோய் எடுக்கும் படம் எந்த வாட்சையும் பெரிதாகத்தான் காட்டும். அதை நம்பி நல்ல வாட்சைத் தள்ளிவிடாதீர்கள்.

தடிமனையும் பாருங்கள். 12 மி.மீ.க்குள் இருந்தால் முழுக்கைச் சட்டைக்குள் வழுக்கிக்கொண்டு போகும். 14-ஐத் தொட்டால் பொத்தான் போட்ட கையில் இடிக்கும். மெல்லிய வாட்ச் கையில் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஸ்விட்சர்லாந்துக்குப் போக வேண்டாம். ஓசூரில் வேரூன்றிய டைட்டன் நிறுவனத்தின் எட்ஜ் வாட்சை எந்தக் கடையிலும் கட்டிப் பார்க்கலாம். பேட்டரியில் ஓடும் அதன் குவார்ட்ஸ் இயந்திரத்தின் தடிமன் 1.15 மி.மீ. மட்டுமே.

படி 2: உங்கள் நாட்களை எழுதுங்கள்

இரண்டு வாரத்துக்கு ஒரு தாளில் தினமும் எழுதிவாருங்கள்: என்ன உடை, எத்தனை முறை கை நனைந்தது, பைக் ஓட்டினீர்களா, கணினி மேசையில் எத்தனை மணி நேரம், விசேஷம் உண்டா. பலருக்கு இது எரிச்சலூட்டும் வேலை. ஆனால் ஆண்டுக்கு மூன்று கல்யாணத்துக்குப் போகிறவர் டிரெஸ் வாட்சுக்குப் பத்து லட்சம் ஒதுக்குவதையும், கடலில் கால் நனைக்காதவர் இரண்டு டைவர் வாட்ச் வாங்குவதையும் இந்தத் தாள்தான் தடுக்கும்.

தண்ணீர் அளவைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். பின்மூடியில் 30 மீட்டர் என்று இருந்தால் முப்பது மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று பொருள் கொள்ளாதீர்கள். புது ரப்பர் வளையத்தோடு, அசையாத நிலையில், சோதனைக் கருவிக்குள் அந்த அளவு அழுத்தத்தைத் தாங்கியது என்பதுதான் அதன் பொருள். நடைமுறையில் 30 மீட்டர் என்றால் தூறலும் கை கழுவும்போது தெறிக்கும் துளியும். 50 என்றால் கையை நன்றாகவே கழுவலாம். 100 என்றால், சாவி (பக்கவாட்டில் நேரம் வைக்கும் திருகு) திருகி மூடும் வகையாக இருந்தால் நீந்தலாம். வெந்நீர்க் குளியல் எந்த அளவுக்கும் ஆகாது: சூட்டில் உலோகமும் ரப்பரும் வேறுவேறு அளவில் விரிகின்றன, சோப்பு ரப்பரை அரிக்கிறது, நீராவி நுழையும் இடுக்கில் தண்ணீர்கூட நுழையாது.

படி 3: தினசரி வாட்ச்

மூன்றில் இதைத்தான் முதலில் வாங்க வேண்டும், இதற்குத்தான் அதிக நேரம் எடுத்து யோசிக்க வேண்டும். ஆண்டில் பெரும்பாலான நாள் கையில் இருக்கப்போவது இது. வேண்டியவை: குறைந்தது 100 மீட்டர், திருகி மூடும் சாவி, எளிதில் கீறல் விழாத சபையர் கண்ணாடி, செயினிலேயே சிறு தளர்வு செய்யும் வசதி, இருட்டில் தெரியும் முட்கள். தேதி வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். சுழற்சியில் கட்டும் வாட்சுக்குத் தேதி இல்லாமலிருப்பதே நிம்மதி. நின்றுபோன வாட்சை எடுத்தவுடன் நேரத்தை மட்டும் வைத்துக் கட்டலாம்.

எக்ஸ்ப்ளோரர் 1953-இல் வந்தது. அந்த ஆண்டு எவரெஸ்ட் ஏறிய குழுவுக்கு ரோலெக்ஸ் வாட்ச் கொடுத்திருந்தது. சில காலம் 39 மி.மீ.க்குப் பெரிதாகி, 2021-இல் மறுபடியும் 36 மி.மீ.க்குத் திரும்பியது, மாடல் எண் 124270. உள்ளே 3230 இயந்திரம், கழற்றி வைத்தாலும் சுமார் 70 மணி நேரம் ஓடும், நாளுக்கு இரண்டு விநாடிக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது நிறுவனத்தின் கணக்கு. வெள்ளி மாலை கழற்றி வைத்தால் திங்கள் காலை ஓடிக்கொண்டிருக்கும். கொக்கியை மடித்தால் செயின் 5 மி.மீ. தளரும். சென்னை மே மாத மதியத்தில் இந்த 5 மி.மீ.யின் அருமை தெரியும். 36 மி.மீ. சிறிது என்று கடைக்காரர் சொன்னால் அளவெடுத்த தாளைக் காட்டுங்கள்.

ரோலெக்ஸுக்கான காத்திருப்புப் பட்டியல் பிடிக்காதவருக்கு டியூடர் பிளாக் பே 58 நல்ல மாற்று. 39 மி.மீ. விட்டம், 200 மீட்டர், 70 மணி நேரம், 2018-இல் அறிமுகம். டியூடரும் ரோலெக்ஸ் குடும்பத்தின் பிராண்ட்தான். டைவர் வாட்சாகப் பிறந்தாலும் மெல்லியது, அலுவலகத்திலும் உறுத்தாது.

இன்னொரு மாற்று எங்களுக்கு மிகவும் பிடித்தது: கிராண்ட் சீகோவின் எஸ்பிஜிஏ211, எல்லோரும் ஸ்னோஃப்ளேக் என்று அழைப்பது. ஜப்பானின் நாகானோ மாநிலத்துச் சியோஜிரியில் செய்கிறார்கள். காற்றில் வரிவரியாகப் படிந்த பனியைப் போன்ற டயல். 41 மி.மீ. இருந்தாலும் டைட்டானியம் என்பதால் கையில் பாரமே தெரியாது. இதற்குள் ஓடுவது ஸ்பிரிங் டிரைவ். மற்ற வாட்ச்களைப் போலவே சுருள்வில்தான் சக்தி கொடுக்கிறது, பேட்டரி கிடையாது. ஆனால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஒரு குவார்ட்ஸ் படிகம். கடைசிச் சக்கரம் விநாடிக்கு எட்டுச் சுற்று சுற்ற, மின்காந்தத் தடை அதை அந்த வேகத்திலேயே பிடித்து வைக்கிறது. அதனால் டிக் டிக் என்று துள்ளாமல் விநாடி முள் எண்ணெய் வழிவதுபோல் நகரும். நாளுக்கு ஒரு விநாடிதான் பிழை. குறை ஒன்று உண்டு: இதன் கொக்கியில் நுண் தளர்வு வசதி இல்லை. கை அதிகம் வீங்குகிறவர்கள் கடையில் அரை மணி நேரமாவது கட்டியிருந்து பாருங்கள். காது நீளமும் 49 மி.மீ. வருகிறது.

படி 4: கிரோனோகிராஃப்

ஸ்பீட்மாஸ்டருக்கு இந்த இடத்தில் போட்டி குறைவு. 1957-இல் கார்ப் பந்தயத்துக்காக வந்த வாட்ச், 1965 மார்ச்சில் நாசாவின் சோதனைகளைத் தாண்டி மனிதர் செல்லும் எல்லாப் பயணங்களுக்கும் தகுதி பெற்றது. 1969 ஜூலையில் நிலவில் நடந்தபோது விண்வெளி வீரர் ஆல்ட்ரின் கையில் இருந்தது. 1970 ஏப்ரலில் பழுதான அப்போலோ 13 விண்கலம் பூமிக்குத் திரும்பும் வழியைத் திருத்த எஞ்சினை 14 விநாடி இயக்க வேண்டியிருந்தது. அதை ஸ்பீட்மாஸ்டரை வைத்துத்தான் அளந்தார்கள்.

2021-இல் வந்த இன்றைய மாடலுக்குள் இருப்பது 3861 இயந்திரம். தினமும் சாவி கொடுக்க வேண்டும். முழுச் சாவிக்குச் சுமார் 50 மணி நேரம் ஓடும். 15,000 காஸ் காந்தப் புலத்தையும் தாங்குகிறது, நாளுக்கு 0 முதல் 5 விநாடி வரை கூடலாமே தவிர குறையக் கூடாது. இதன் விட்டம் 42 மி.மீ. என்று கேட்டுப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். உடலின் வலப்பக்கம் பொத்தான்களைக் காப்பதற்காகப் புடைத்திருப்பதால் வரும் எண் அது. காதுகள் வளைந்து இறங்குவதால் நீளம் 48 மி.மீ.க்குள் அடங்கி, 16.5 செ.மீ. கையிலும் ஒழுங்காக உட்காரும்.

வாங்கும்போது ஒரு தேர்வு இருக்கிறது: பிளாஸ்டிக் வகைக் கண்ணாடியான ஹெசலைட்டா, சபையரா? ஹெசலைட்டில் கீறல் சுலபமாக விழும், ஆனால் உடைந்தாலும் சில்லுகளாகச் சிதறாது. விண்வெளியில் அது உயிர்ப் பிரச்சினை. கீறலைப் போக்க பிளாஸ்டிக் பாலிஷ் பசையை ஒரு பட்டாணி அளவு எடுத்து, பஞ்சால் ஐந்து நிமிடம் வட்டமாகத் தேய்த்தால் போதும். சபையரில் கீறல் எளிதில் விழாது, பின்பக்கமும் கண்ணாடி என்பதால் இயந்திரத்தைப் பார்க்கலாம்; ஆனால் ஓரத்தில் பால் வெள்ளையாக ஒரு வளையம் தெரியும், விலையும் கூடுதல். எங்கள் ஓட்டு ஹெசலைட்டுக்கு. டயல் மேல் அந்த மெல்லிய வளைவு தரும் கதகதப்பு சபையரில் வரவில்லை.

பழக்கத்தில் வைக்க வேண்டியவை மூன்று. சாவி கொடுக்கும்போது எதிர்ப்பு கெட்டியாகத் தெரிந்ததும் நிறுத்துங்கள். இது கை அசைவில் தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் அல்ல, உள்ளே வழுக்கிவிடும் ஏற்பாடு கிடையாது, மேலும் முறுக்கினால் ஏதாவது முறியும். கிரோனோகிராஃப் ஓடும்போது கீழ்ப் பொத்தானை அழுத்தாதீர்கள்; மேல் பொத்தானால் நிறுத்திவிட்டுத்தான் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். நனைந்த நிலையில் எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள், ஏனென்றால் அழுத்தும் நொடியில் பொத்தான் தண்டைச் சுற்றித் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். பின்மூடியில் இருப்பது 50 மீட்டர்தான்.

படி 5: விசேஷ நாள் வாட்ச்

ரிவர்ஸோவின் பிறப்பு இந்தியாவோடு சேர்ந்தது. இங்கே போலோ ஆடிய ஆங்கிலேய அதிகாரிகளின் வாட்ச் கண்ணாடிகள் மட்டையடியில் உடைந்துகொண்டே இருந்தன. அதற்குத் தீர்வாக, உடலையே சட்டகத்துக்குள் நகர்த்திக் கவிழ்த்து, கண்ணாடியை உள்பக்கமாகத் திருப்பிவைக்கும் அமைப்புக்கு 1931 மார்ச்சில் பாரிஸில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். கவிழ்த்த பிறகு வெளியே தெரிவது வெறும் எஃகுப் பரப்பு. அதில் பெயரோ தேதியோ பொறிக்கலாம். தமிழ் எழுத்தில் பொறிக்க விரும்பினால், எழுத்துருவை நீங்களே வரைந்து கொடுத்து மாதிரி வாங்கிப் பாருங்கள். புள்ளியும் கொம்பும் பிசகினால் எஃகில் அழிக்க முடியாது.

ரிவர்ஸோவின் ட்ரிப்யூட் வகையில் சிறு விநாடி முள் கொண்ட ஒருமுக மாடல் 45.6 × 27.4 மி.மீ. சாவி கொடுக்கும் வகை, 42 மணி நேரம். நீள்சதுரமாக இருப்பதால் எண்ணைப் பார்த்துப் பயப்படாமல் கட்டிப் பார்க்க வேண்டிய வாட்ச் இது. 30 மீட்டர் என்பதை மறக்காதீர்கள்: முகூர்த்த வீட்டுப் பந்தியில் கை கழுவும் முன் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுங்கள்.

வடிவம் பிடிக்காவிட்டால் கார்ட்டியே டாங்க் இருக்கிறது. 1917-இல் லூயி கார்ட்டியே வரைந்தது, இன்றும் அதே கோடுகள். ஜெர்மனியின் கிளாஷுட்டே ஊரில் செய்யும் நோமோஸ் டாங்கென்டெ மூன்றிலும் மலிவு, சொந்த இயந்திரம், கண்ணுக்குத் தெளிவான டயல். காதுகள் நீளம் என்பதால் 35 மி.மீ. மாடலே பெரும்பாலான கைக்குப் போதும்.

மாதத்துக்கு ஒரு தடவைதான் கட்டுவேன் என்றால் நல்ல குவார்ட்ஸ் வாங்குவதில் எந்தக் குறைவும் கிடையாது. கிராண்ட் சீகோவின் 9எஃப் குவார்ட்ஸ் ஆண்டுக்குப் பத்து விநாடிதான் தவறும். எடுத்தவுடன் கட்டிக்கொண்டு கிளம்பலாம்.

மூன்றையும் எழுதி முடித்த பிறகு டயல் நிறங்களைப் பாருங்கள். எக்ஸ்ப்ளோரரும் ஸ்பீட்மாஸ்டரும் கறுப்பு. மூன்றாவதும் கறுப்பானால் தொகுப்பு சலித்துவிடும். வெள்ளை, நீலம், ஒயின் சிவப்பு என்று எடுங்கள். ஸ்ட்ராப் அகலம் ஒத்துப்போனால் ஒரே ஸ்ட்ராப்பை மாற்றிக்கொள்ளலாம். ஸ்பீட்மாஸ்டர், பிளாக் பே 58, ஸ்னோஃப்ளேக் மூன்றுக்கும் 20 மி.மீ.; எக்ஸ்ப்ளோரருக்கு 19 என்பதால் கடையில் ஸ்ட்ராப் கிடைப்பது கொஞ்சம் கஷ்டம்.

படி 6: பணக் கணக்கு

வாட்ச் விலையோடு ஆண்டுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை சதவீதம் சர்வீஸ் நிதியாகத் தனியாகப் போட்டு வாருங்கள். ஏழு லட்ச ரூபாய் வாட்சுக்கு ஆண்டுக்கு ஏழாயிரம் முதல் பத்தாயிரம். ஏழெட்டு ஆண்டில் சர்வீஸ் வரும்போது கை கடிக்காது. கிரோனோகிராஃபில் பாகங்கள் அதிகம் என்பதால் அதற்கு ஒன்றரை சதவீதத்தையே வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிதியை ஒதுக்க முடியாத விலையில் இருக்கும் வாட்ச் உங்களுக்கு இப்போது எட்டாத வாட்ச்.

இந்தியாவில் 2025 ஏப்ரல் 22 முதல், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்குக் கடைக்காரர் ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். அது கூடுதல் செலவல்ல, உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவாகச் சேரும். பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கடைக்காரருக்குச் சட்டத்தில் இடமில்லை. ரொக்கம் கேட்கிறவரிடம் பில்லும் கிடைக்காது, பில் இல்லாத வாட்சுக்குக் காப்பீடும் கிடைக்காது.

வெளிநாட்டில் வாங்கினால் மலிவு என்பது பாதி உண்மை. சிங்கப்பூரில் 9 சதவீதமும் ஸ்விட்சர்லாந்தில் 8.1 சதவீதமும் வரி. சுற்றுலாப் பயணிக்குப் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் ஊர் திரும்பும்போது சுங்கத்தில் அறிவித்து வரி கட்ட வேண்டும், கட்டிய பிறகு மிச்சம் அதிகமிராது. இதற்கு நேர்மாறான சங்கடமும் உண்டு: இங்கே வாங்கிய வாட்சைக் கட்டிக்கொண்டு வெளிநாடு போகிறவர்கள், கிளம்பும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் வாட்சைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது கேள்வி வராது.

மூன்றையும் ஒரே ஆண்டில் வாங்காதீர்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஓராண்டாவது இடைவெளி விடுங்கள். முதல் வாட்சைக் கட்டிப் பழகிய பிறகு அளவு, எடை, பளபளப்பு பற்றிய உங்கள் ரசனை மாறும். விலை ஏறும் என்ற எண்ணத்தில் வாங்குவதும் வேண்டாம். விற்கப் போகும்போது பெரும்பாலான மாடல்கள் வாங்கிய விலைக்குக் கீழேதான் போகும்.

படி 7: எங்கே வாங்குவது

அங்கீகரிக்கப்பட்ட கடையில் வாங்கினால் தேதியும் சீரியல் எண்ணும் பதிந்த உத்தரவாத அட்டை கிடைக்கும். ரோலெக்ஸ், ஒமேகா, டியூடர், கிராண்ட் சீகோ ஐந்தாண்டு உத்தரவாதம் தருகின்றன. ஜெஷேர் லெகூல்த்தும் கார்ட்டியேவும் இணையத்தில் பதிவு செய்தால் எட்டாண்டு வரை நீட்டிக்கின்றன. பதிவு செய்ய மறந்து இழப்பவர்கள் பலர், வாங்கிய அன்றே செய்துவிடுங்கள். கிடைப்பது அரிதான மாடலுக்காக, வேண்டாத நகையையோ வேறு வாட்சையோ சேர்த்து வாங்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தக் கூடுதல் பணத்தில் மேலே சொன்ன மாற்றுகளில் ஒன்று வீட்டுக்கு வந்துவிடும்.

பழையதை வாங்குவது தவறில்லை, நல்ல வழிதான். ஆனால் விற்பவரோடும் ஒரு வாட்ச் மெக்கானிக்கோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. இந்த வரிசையில் பாருங்கள்:

1. அட்டையில் உள்ள சீரியல் எண்ணும் வாட்சில் உள்ள எண்ணும் ஒன்றா? இக்கால ரோலெக்ஸில் கண்ணாடிக்கு உள்ளே, டயலைச் சுற்றிய வளையத்தில் பொறித்திருக்கும்.

2. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் காதுகளைப் பாருங்கள். கூர்மையான ஓரங்கள் உருண்டு, இரண்டு காதும் வெவ்வேறு பருமனில் தெரிந்தால் அளவுக்கு மீறி பாலிஷ் போட்டிருக்கிறார்கள். போன உலோகம் திரும்ப வராது.

3. டயல் அச்சைப் பாருங்கள். எழுத்தின் விளிம்பு கசிந்திருந்தால் மறுபூச்சு. பழைய எச்எம்டி, ஃபாவ்ர் லூபா வாட்ச்களை வண்ண வண்ணமாகப் பூசி விற்பது நம் நாட்டில் வெகு சகஜம். அதே கை வேலை விலை உயர்ந்த பழைய ஸ்விஸ் வாட்சுகளிலும் நடக்கிறது. டயலின் கீழ் விளிம்பில் ட்ரிட்டியத்தை (பழைய வாட்ச்களில் ஒளிக்காக வைத்த, ஆண்டுகள் போகப்போக மங்கிவிடும் கதிரியக்கப் பொருள்) குறிக்கும் எழுத்து இருந்தும், புள்ளிகள் இருட்டில் மணிக்கணக்கில் பளிச்சென்று ஒளிர்ந்தால், பின்னால் யாரோ புது ஒளிப்பூச்சு வைத்திருக்கிறார்கள்.

4. டிக் ஒலியைக் கேட்டு வாட்சின் ஓட்டத்தை அளக்கும் கருவியான டைம்கிராஃபரில் வையுங்கள். முழுச் சாவி கொடுத்து டயல் மேல் நோக்கியபடி வைத்தால் உள்ளே முன்னும் பின்னும் ஆடும் சக்கரத்தின் ஊசலாட்டம் 270 முதல் 310 டிகிரி வரை இருக்க வேண்டும். 220-க்குக் கீழே இருந்தால் சர்வீஸ் செலவை விலையில் கழியுங்கள். கருவியில், இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் லிஃப்ட் ஆங்கிள் என்ற எண்ணைச் சரியாக வைக்காவிட்டால் ஊசலாட்டக் கணக்கு பொய்யாகும்: ஈடிஏ 2824-க்கு 50, ரோலெக்ஸ் 3135-க்கு 52. ஒமேகாவின் கோ-ஆக்ஸியல் இயந்திரங்களுக்கு எண்ணே வேறு. சாதாரண எண்ணில் வைத்து நல்ல வாட்சைக் கெட்டது என்று சொல்லிவிடுவார்கள்.

5. சாவியைத் திறந்து நான்கைந்து முறை திருகி மூடுங்கள். மரை தேய்ந்திருந்தால் வழுக்கும், அல்லது கோணலாகக் கடிக்கும்.

6. கிரோனோகிராஃப் என்றால் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். முள் பன்னிரண்டுக்கு நேராக வந்து நிற்க வேண்டும்.

7. கடைசியில் பின்மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். எடையிலும் டயலிலும் அசலையே மிஞ்சும் போலிகள் இப்போது வருகின்றன. இயந்திரத்தின் பொறிப்பிலும் முடிப்பிலும்தான் பிடிபடும். திறக்கவிடாதவரிடம் வாங்காதீர்கள். திறந்து மூடியபின் அழுத்தச் சோதனை செய்துகொள்ளுங்கள்.

செயினிலிருந்து கழற்றிய லிங்க்குகளைக் கேட்டு வாங்குங்கள். தனியாக வாங்கினால் விலை திகைக்க வைக்கும்.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

நாளும் நேரமும் வைக்கும் முறையில்தான் புதியவர்கள் வாட்சைக் கெடுக்கிறார்கள். தேதி உள்ள வாட்சில் இரவு 9 மணியிலிருந்து அதிகாலை 3 மணி வரை தேதியைக் கையால் மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தோடு பல் கோத்திருக்கும், கட்டாயப்படுத்தினால் பல் உடையும். முட்களை ஆறு மணிக்குக் கொண்டுவந்து, தேதியை மாற்றி, பிறகு நேரம் வையுங்கள். புதிய ரோலெக்ஸ் போன்ற சிலவற்றில் இந்தத் தடை இல்லை, ஆனாலும் ஒரே பழக்கம் நல்லது.

திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடினால் பதற வேண்டாம், பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர், டேப்லெட் உறை, கைப்பையின் காந்தக் கொக்கி போன்றவற்றால் நடப்பது. முடிபோன்ற சுருள்வில்லின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, வில் குட்டையானதுபோல் வேகமாகத் துடிக்கும். திசைகாட்டியை அருகில் வையுங்கள். ஊசி துள்ளினால் காந்தம்தான். மெக்கானிக் கடையில் ஒரு நிமிட வேலை.

தோல் ஸ்ட்ராப்பை அடுத்தடுத்து இரண்டு நாள் கட்டாதீர்கள். வியர்வை ஊறிய தோல் காய ஒரு நாள் வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை செயினுக்கோ ரப்பருக்கோ மாறிவிடுங்கள். செயினை மாதம் ஒருமுறை, சாவி மூடியிருப்பதை உறுதி செய்துகொண்டு, மென்மையான டூத்பிரஷ்ஷும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் சூடில்லாத தண்ணீரும் வைத்துத் தேய்த்துத் துடையுங்கள். வியர்வையும் தூசியும் சேர்ந்து லிங்க் ஊசிகளைத் தேய்ப்பதால்தான் செயின் தளர்கிறது. 30, 50 மீட்டர் வாட்ச்களின் செயினைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள்.

தானாகச் சுற்றும் வைண்டர் பெட்டி இந்தத் தொகுப்புக்குத் தேவையில்லை. மூன்றில் இரண்டு சாவி கொடுக்கும் வகை. காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், ஜெல்லை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். நாஃப்தலின் உருண்டை கிடக்கும் பீரோ ஆகாது. நீந்துகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்யுங்கள். சோதனைக்கு முன் குளத்தில் இறங்கும் பழக்கம்தான் டயலைக் கறுக்க வைக்கிறது. கண்ணாடிக்கு உள்ளே ஒரு துளி பனிமூட்டம் தெரிந்தாலும் அரிசிப் பானையில் புதைக்காமல், சாவியை வெளியே இழுத்து இயந்திரத்தை நிறுத்தி, அன்றே மெக்கானிக்கிடம் கொடுங்கள். இரண்டு நாள் தாமதித்தால் துரு பிடிக்கத் தொடங்கும்.

சீரியல் எண், பில், உத்தரவாத அட்டை, முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாம் வாட்ச் இருக்கும் வீட்டில் மட்டும் இல்லாமல் வேறிடத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும். வீட்டுக் காப்பீட்டில் ஒவ்வொரு வாட்சையும் பெயரும் மதிப்பும் போட்டுத் தனித்தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பொதுவாக எழுதிய பாலிசியில் விலையுயர்ந்த பொருளுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கும், மூன்று வாட்சும் அதற்குள் அடங்காது.